முகம் பொருந்தவில்லை

ஜூன் 14, சனி

அம்மா தரை துடைக்கப் போகும் கம்பெனியில் யாரோ ஒரு மேனேஜர் தொட்டுக்கூடப் பார்க்காமல் குப்பைக்கூடையில் போட்ட டைரி இது. "நல்லா தடியா கீது, ஏதாச்சும் உருப்படியா எழுது" என்று கொடுத்தாள். தடியாக இருப்பது உண்மை. உருப்படிக்கு நான் பொறுப்பில்லை. ஜனவரியிலிருந்து எல்லாப் பக்கமும் வெள்ளை. ஐந்தரை மாதத்தை வாழாமலே விட்டிருக்கிறார் மேனேஜர். நான் இன்றைய தேதியில் ஆரம்பிக்கிறேன். ஜனவரிப் பக்கங்களின் பக்கமே போகப் போவதில்லை.

பெயர் இன்பரசி. பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு. என் சேட்டையைப் பார்த்து எல்லாரும் 'ஆ' என்று வாய் பிளப்பதால் அந்தப் பிரிவில் போட்டார்கள். அம்மா கூப்பிடுவது துன்பரசி. இருப்பது ஹவுசிங் போர்டு வீடு, நாற்பத்தோராம் பிளாக், மூன்றாம் மாடி. லிஃப்ட் உண்டு, நாங்கள் குடிவந்த நாள் முதல் அது விடுப்பில் இருக்கிறது. வீட்டில் அம்மா, நான், அக்கா எழிலரசி, அக்கா பெற்ற ஏழு வாரக் குட்டி. அக்கா புருஷன் ஜெகன் மாமா லாரியோடு ஓசூர் பக்கம் ஓடிக்கொண்டே இருப்பார் என்பதால், வயிற்றில் பிள்ளை நின்றதிலிருந்து அக்கா இங்கேதான்.

இன்றைய செய்தி: பால்வாடியில் அக்காவுக்கு சத்துமாவு தரவில்லை.

பிள்ளை உண்டானவர்களுக்கும் பால் கொடுக்கிற அம்மாக்களுக்கும் மாதாமாதம் மாவு பாக்கெட் தருவார்கள். போன மாதம் வரை நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். இந்த மாதம் முதல் கையெழுத்து செல்லாது, முகம்தான் செல்லும். லில்லி டீச்சர் போனை நீட்டுவார். வட்டத்துக்குள் முகம் காட்டி, 'கண்களைச் சிமிட்டவும்' என்று வந்ததும் சிமிட்ட வேண்டும். பச்சை டிக் வந்தால் பாக்கெட்.

எங்களுக்கு முன்னால் பத்துப் பேர் சிமிட்டிவிட்டுப் போனார்கள். எதிர் வீட்டு ரமணியக்கா ஒரு கண்ணை மட்டும் சிமிட்ட, "இது இன்னா, உன் வூட்டுக்காரர்னு நெனச்சியா?" என்று பால்வாடி ஆயாம்மா கேட்க, ஒரே சிரிப்பு.

அக்கா முறை வந்தது. முகம் பொருந்தவில்லை.

"குழந்தைய தங்கச்சிகிட்ட குடு, நேரா நில்லு எழிலு."

முகம் பொருந்தவில்லை.

"பொட்ட எடுத்துட்டுக் காட்டு. முடிய பின்னால தள்ளு. ஆங்."

முகம் பொருந்தவில்லை.

நான் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு. திரும்பவும் எண்ணினேன். பதினாறுதான்.

"டிக் வராம குடுத்தா எனக்கு ஸ்டாக்கு இடிக்கும்மா. ரெண்டு நாள் கழிச்சு வா, நெட்வொர்க்கா இருக்கும்" என்றார் டீச்சர்.

நெட்வொர்க்காகத்தான் இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

நெட்வொர்க்குக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று அக்கா மறுபடி போனாள். பொருந்தவில்லை. இன்று குட்டியின் எடை பார்க்க நர்ஸம்மா வந்தார். துணித் தொட்டிலைத் தராசில் மாட்டி, பஸ்ஸில் லக்கேஜ் நிறுப்பது மாதிரி நிறுத்தார். மூன்று கிலோ முந்நூறு. பிறந்தபோது இரண்டு இருநூறு. ஏறியிருக்கிறதே என்று நான் கைதட்டினேன். நர்ஸம்மா கைதட்டவில்லை. அட்டையில் புள்ளி வைத்தார். புள்ளி மஞ்சள் பட்டையில் விழுந்தது. பச்சையில் இருக்க வேண்டுமாம்.

"நீ இன்னா சாப்புட்ற?" என்று அக்காவைக் கேட்டார்.

"சோறுதான் மேடம். ரசம்."

"காலைல?"

"மாவு இருந்தா கஞ்சி வெச்சுக் குடிப்பேன். இப்ப மாவு இல்ல."

"ரத்தம் ஏற்கெனவே கம்மி உனக்கு. நீ சாப்பிட்டாத்தான் அதுக்குப் பாலு. மாவ வுடாத, போய் வாங்கு."

"தர மாட்டேங்கிறாங்க மேடம். நான் நான் இல்லையாம்."

இதை அக்கா ஜோக்காகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக இந்த வீட்டில் சிரிப்பு என் இலாகா. எனக்கும் வரவில்லை. குழாயடியில் குடம் வரிசையில் நிற்கிறது என்று சொல்லிவிட்டுக் கீழே போனேன். வரிசையில் எங்கள் குடம் இல்லை. ஐம்பத்து நான்கு படி. மேலே வந்து மறுபடி இறங்கினேன்.

(போன மாதப் பாக்கெட்டில் பாதி மாவை வெல்லம் போட்டுப் பிசைந்து தின்றது நான். அப்போது யாருக்குத் தெரியும்.)

ஜூன் 20, வெள்ளி

கணக்குப் பரீட்சையில் வாங்கும் முட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடி விழும். சத்துணவு முட்டையைக் கொண்டுவந்தால் விழாது என்று கண்டுபிடித்திருக்கிறேன். ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸ், டிவைடரை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு நீள்வட்டம். மூன்று நாளாக.

"ஏண்டி, நீ துன்னலையா?" என்றாள் அக்கா.

"எனக்கு முட்டை பிடிக்காது."

"எப்போல்ருந்து?"

"புதன்கிழமைல்ருந்து."

உரித்து உப்புப் போட்டுத் தின்றாள். மஞ்சள் கருவைக் கடைசிக்கு வைப்பது அவள் பழக்கம். நான் எதிரே உட்காரவில்லை. பார்த்தால் பசிக்கும்.

ஜூன் 23, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அக்கா பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். கையில் ஆதார் அட்டை. அட்டையைப் பார்க்கிறாள், கண்ணாடியைப் பார்க்கிறாள். குட்டி பாயில் கிடந்து தன் கையையே ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தது.

"இன்பம், இங்க வா. உண்மையச் சொல்லு. நான் அவ்ளோ மாறிட்டேனாடி?"

"அழகாயிட்ட."

"கிண்டல் வேணாம். டீச்சர் சொன்னாங்க, ஆதார்ல ஒம்பதாவது படிக்கும்போது எடுத்த போட்டோ, இப்ப கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு, அதான் மிசினுக்கு அடையாளம் தெரியலன்னு. மாமாவும் வீடியோ கால்ல அதான் சொன்னாரு. உன் மூஞ்சியே மாறிப்போச்சு எழிலுன்னு." கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள், நர்ஸம்மா பார்ப்பது போல. "எனக்கே யாரோ மாதிரிதான் கீது."

இதை எழுதும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. எனக்குச் சேட்டை கற்றுக்கொடுத்ததே இவள்தான். கல்யாணத்துக்கு முன்னால், நான் பள்ளிவிட்டு பிளாக் வாசலுக்கு வரும் நேரம் பார்த்து மூன்றாம் மாடியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டுவாள். ஒருநாள்கூடக் குறி தப்பியதில்லை. நான் அண்ணாந்தால் மேலே யாரும் இருக்க மாட்டார்கள். மூச்சிரைக்க ஏறிப் போனால் பாயில் படுத்து, தூங்குகிறவள் போலக் கொட்டாவி விடுவாள். கல்யாணம் ஆனதும் அந்தத் தண்ணீர் நின்றுபோனது. இப்போது நான் நனையாமலே வீட்டுக்கு வருகிறேன்.

"ஆமாக்கா, கொஞ்சம் மாறித்தான் போயிருக்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. தெரியும்.

ஜூன் 28, சனி

யோசனை என்னுடையதுதான். ஒப்புக்கொள்கிறேன். (யோசனையை மட்டும்.)

"ஆதார்ல ரெட்டை ஜடைதானே? அதே மாதிரி போய் நில்லு. மிசினு ஏமாந்துடும்" என்றேன்.

"பைத்தியமா உனக்கு?"

"மாவு வேணுமா, மானம் வேணுமா?"

குட்டியைப் பார்த்தாள். "மாவு" என்றாள்.

என் பாயில் உட்காரவைத்து நானே சீவினேன். நடுவகிடு. ரெட்டை ஜடை, மடித்துக் கட்டி, என்னுடைய சிவப்பு ரிப்பன். என்னுடைய பவுடர். நான் வைக்கும் அதே குட்டிப் பொட்டு, அதே இடத்தில், கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து. சீப்பில் ஏகப்பட்ட முடி வந்தது. பிள்ளை பெற்றால் கொட்டும் என்றாள். உருட்டி ஜன்னல் வழியாக விட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் வாடின நான்.

சனிக்கிழமை என்பதால் பால்வாடியில் கூட்டம். இருபத்தொரு வயது, இடுப்பில் குழந்தை, ரெட்டை ஜடை, ரிப்பன். முதலில் ஆயாம்மா பார்த்தார். பிறகு வரிசை முழுக்கப் பார்த்தது.

"இன்னாம்மா எழிலு, எல்கேஜி அட்மிசனா?" இது ரமணியக்கா.

"பாப்பாவையும் சேத்து சேத்துக்குவாங்களா டீச்சர்? அம்மாவும் பொண்ணும் ஒரே கிளாஸ்!"

அக்கா சிரித்துக்கொண்டுதான் நின்றாள். உதடு மட்டும். வட்டத்துக்குள் முகத்தைக் கொடுத்தாள். சிமிட்டினாள். போன் யோசித்தது. ரொம்ப நேரம் யோசித்தது. டீச்சர்கூட மூச்சைப் பிடித்தார். நான் சாமி கும்பிட்டேன். எந்தச் சாமி என்று பார்க்கவில்லை, முதலில் வந்ததை.

முகம் பொருந்தவில்லை.

வரும் வழியிலேயே அக்கா ஒரு கையால் ரிப்பனை இழுத்தாள். முடிச்சு இறுகிக்கொண்டது. நான் அவிழ்க்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். ஐம்பத்து நான்கு படியும் அவள் முன்னால் ஏற, நான் ஆடும் ஒற்றை ரிப்பனைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறினேன்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று முட்டை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளை யார் கண்டுபிடித்தது?

ஜூலை 1, செவ்வாய்

குழாயடிச் செய்தி: எழில் இங்கேயும் மாமியார் வீட்டுப் பக்கமும் ரெண்டு இடத்தில் பேர் பதிந்து ரெண்டு பங்கு மாவு வாங்குகிறாளாம். அதனால்தான் போன் கண்டுபிடித்துவிட்டதாம். ரமணியக்கா சொல்லி, அவர் தங்கச்சி சொல்லி, மாலைக்குள் அந்த ரெண்டு இடம் மூன்றாகிவிட்டது. நாளைக்கு நான்கு ஆனால் அக்கா ஒரு மாவு மில்லே வைத்திருப்பாள்.

அம்மா குடத்தை அங்கேயே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனாள். "எம் பொண்ணு ஒரு வேளைக் கஞ்சிக்கு இல்லாம கெடக்கா, ரெண்டு பங்கு துன்றாளா? எவ சொன்னா, முன்னால வா!" ஒருத்தியும் முன்னால் வரவில்லை. திரும்பி வந்து அம்மா அழுதாள். வேலை செய்த சோர்வு என்றாள்.

லில்லி டீச்சர் மூன்று மாடி ஏறி வந்தார். முட்டி வலிக்காரர். உட்காராமலே சொன்னார். "திங்கக்கெழம சூப்பர்வைசர் மேடம் வர்றாங்க. பதிஞ்ச போட்டோ என் போன்ல வராது, அவங்க லாகின்ல தெரியும். அதுல எழில் முகம் இருந்தா பிரச்சனை இல்ல. வேற முகம் இருந்தா பேரை எடுத்துடுவாங்க. எனக்கும் மெமோதான். நான்தானே பதிஞ்சேன்."

"வேற முகம் எப்பிடி டீச்சர் இருக்கும்?" என்றாள் அக்கா. "நீங்கதானே என்ன எடுத்தீங்க."

"அதான்மா நானும் சொல்றேன்."

இருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் குட்டியின் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததை உதறி மறுபடி மடித்தேன்.

ஜனவரி 22, புதன்

இன்று ஜூலை 3. எழுதுவது மட்டும் ஜனவரி 22-ஆம் தேதி அச்சடித்த பக்கத்தில். நடந்தது அன்றுதான். அந்தந்த அழுக்கு அந்தந்த இடத்தில் இருக்கட்டும்.

அக்காவுக்கு ஆறாம் மாதம். லில்லி டீச்சர் பதிவு செய்ய வீட்டுக்கே வந்தார். ஓடிபி எல்லாம் வந்தது. முகம் மட்டும் ஆதார் போட்டோவோடு சேரவில்லை. அக்கா முகம் அப்போது வீங்கியிருந்தது. மூன்று தரம் காட்டினாள். நான்காம் தரம் காட்டும்போது வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். டீச்சர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் தலையைப் பிடிக்கப் போனார். வாந்தி.

போனில் காலி வட்டம்.

காலி வட்டம் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. கரும்பலகையில் வட்டம் போட்டிருந்தால் மீசை வரைகிறவள் நான். முகத்தை உள்ளே விட்டேன். நாக்கைத் துருத்தினேன். 'கண்களைச் சிமிட்டவும்' என்றது. சரிதான் என்று சிமிட்டினேன். டிங் என்று ஒரு சத்தம். பச்சை டிக். எழிலரசி, பதிவு முடிந்தது.

ஆதாரில் இருக்கிற அக்காவுக்கு ஒன்பதாம் வகுப்பு வயது. ரெட்டை ஜடை. அதாவது, ஏறக்குறைய நான்.

டீச்சர் வந்து பார்த்தார். "அட! கடைசியா எடுத்தது லேட்டா ஏறிடுச்சு. நல்லவேளை" என்றார். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். ஆனால் மறுநாள் வகுப்பில் சொல்ல அது அவ்வளவு நல்ல கதையாக இருந்தது. போனையே ஏமாற்றிய கதை. கடைசி பெஞ்ச் மேசையைத் தட்டியது. ஒரு வாரத்துக்கு என்னை 'கர்ப்பிணி' என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமை.

அப்போது மாவு கையெழுத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. அதுதான், இந்த ஆறு மாதமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்ட வரி.

ஜூன் மாதம் போனுக்குள் இருந்த முகம் அக்காவுடையது இல்லை. அவள் காட்டிக்கொண்டே இருந்தாள், அது என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அவளுக்கு ரிப்பன் கட்டினேன்.

ஜூலை 4, வெள்ளி

சொல்லிவிடலாம் என்று நான்கு தரம் போனேன். முதல் தரம் அக்கா பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தரம் பால் போதாமல் குட்டி அழுதுகொண்டிருந்தது. மூன்றாம் தரம் இருவரும் தூங்கினார்கள். நான்காம் தரம் அக்காவே, "இன்னாடி, சுத்திச் சுத்தி வர்ற, சிலபஸ்ல பிரதட்சணம் வெச்சிருக்காங்களா?" என்றாள். அவள் ஜோக் அடித்து எத்தனை நாள் ஆயிற்று. அதைக் கெடுக்க மனமில்லை.

அது பொய். எனக்குப் பயம்.

முட்டையைக் கொடுத்தேன். இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் வாயில் திணித்தாள். "புதன்கெழமைல்ருந்து புடிக்காதாம். மூஞ்சப் பாரு" என்றாள்.

ஜூலை 7, திங்கள்

சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகாமல் பால்வாடிக்குப் போனேன். அக்கா குட்டியோடு ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். நல்ல புடவை. அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ரமணியக்கா கூட்டம் வேடிக்கைக்கு. லில்லி டீச்சர் நோட்டுகளை அடுக்கிக் கலைத்து அடுக்கினார்.

சூப்பர்வைசர் மேடம் டேப்லெட்டைத் திறந்தார். ஒல்லியானவர், கழுத்தில் அடையாள அட்டை. "எழிலரசி யாரு?"

"நான்தான் மேடம்" என்றாள் அக்கா.

"நான்தான் மேடம்" என்றேன் நானும்.

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா, "ஏய், ஸ்கூலுக்குப் போகல? இங்க வந்து இன்னா விளையாட்டு?" என்று கையை ஓங்கினாள்.

"விளையாட்டு இல்லம்மா. டீச்சர், போனைக் குடுங்க. எழிலரசி பேரைத் திறங்க."

டீச்சர் ஏனோ மறுபேச்சில்லாமல் திறந்து நீட்டினார். வட்டம். முகத்தை வைத்தேன். இந்தத் தடவை நாக்கைத் துருத்தவில்லை. சிமிட்டினேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் சிமிட்டியதும் கன்னத்தில் வழிந்தது. போனுக்கு அதெல்லாம் பொருட்டில்லை.

டிங். பச்சை டிக். எழிலரசி, பாலூட்டும் தாய், சரிபார்க்கப்பட்டது.

மேடம் டேப்பைத் திருப்பிக் காட்டினார். அதிலும் நான். கண்ணைச் சிமிட்டி முடிக்காத முகம், உதட்டோரத்தில் அசட்டுச் சிரிப்பு. நான் ஜனவரிக் கதையை முழுக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சில் சொன்ன அதே கதை. ஒருவரும் எதையும் தட்டவில்லை.

அம்மா அடித்தாள். முதுகில் இரண்டு. மூன்றாவதற்கு மேடம் கையைப் பிடித்துவிட்டார்.

அக்கா குட்டியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். "அப்போ ஜூன்ல... என் மூஞ்சி மாறிப்போச்சுன்னு சொன்னது?"

"உன் மூஞ்சிக்கு ஒண்ணும் ஆவலக்கா. அது கேட்டது என் மூஞ்சிய."

"ஜடை போட்டு வுட்டியே. அப்பவும் உனக்குத் தெரியும்."

தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை.

மேடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். 'விளையாட்டாகச் செய்துவிட்டேன்' என்று ஆரம்பித்தேன். "விளையாட்டுன்னு எழுதாத" என்றார். "அந்த டீச்சரம்மாவுக்கு மெமோ போகுது. இருபத்திரெண்டு வருச சர்வீஸ். என்ன பண்ணேன்னு மட்டும் எழுது." எழுதினேன். ஏழு வரி. என் வாழ்க்கையில் ஒரு ஜோக்கும் இல்லாத முதல் ஏழு வரி.

பழைய பதிவை நீக்கி, அக்கா ஆதாரில் புதுப் போட்டோ மாற்றி, மறுபடி பதிய வேண்டும். அதுவரை மாவு கிடையாது. "பேரு போகாது, அதுக்கு நான் பொறுப்பு" என்று மேடம் அக்காவிடம் சொன்னார். லில்லி டீச்சர் என்னைத் திட்டவே இல்லை. "நானும் முகத்த உத்துப் பாத்திருக்கணும், பாக்கல" என்றார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

அக்கா பேசவில்லை.

ஜூலை 9, புதன்

முட்டையை வாங்கவில்லை. பாக்ஸிலேயே இருந்தது. பெருக்கி, பாத்திரம் கழுவி, குடம் ஆறு தூக்கினேன். "யாரு கேட்டா?" என்றாள் அம்மா.

ஜூலை 12, சனி

ஆதார் மையம். டோக்கன் அறுபத்தெட்டு. நான் விடியற்காலையிலேயே போய் வரிசையில் செருப்பை வைத்து, செருப்புக்குப் பக்கத்தில் நானும் நின்று, பதினோரு மணிக்கு அக்காவை வரச் சொன்னேன். அதாவது அம்மாவிடம் சொன்னேன், அம்மா அவளிடம் சொன்னாள். எங்கள் வீட்டில் இப்போது அம்மாதான் செல்போன் டவர்.

கேமராவுக்கு முன்னால் உட்காரும்போது குட்டியை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அக்கா சுற்றிப் பார்த்தாள். அறையில் எனக்கும் சுவருக்கும்தான் போட்டி. கடைசியில் எனக்கே கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல், கடையில் மஞ்சப்பை கொடுப்பது மாதிரி. ஒற்றை ஜடை. பெரிய பொட்டு. ஒட்டின கன்னம். கம்ப்யூட்டர்காரர், "சிரிக்காதீங்க" என்றார். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 16, புதன்

மூன்று கிலோ எண்ணூறு. புள்ளி இன்னும் மஞ்சளில்தான், ஆனால் பச்சைக்குப் பக்கத்தில். நர்ஸம்மா இரும்பு மாத்திரையும் கடலையும் சாப்பிடச் சொன்னார். என் பங்குச் சுண்டலை அக்கா தட்டில் போட்டேன். தட்டைத் தள்ளி வைத்தாள். நான் பாத்ரூம் போய் வந்தபோது தட்டு காலி. அம்மா தின்றிருக்கலாம். அம்மாவுக்குக் கடலை ஆகாது.

லில்லி டீச்சருக்கு மெமோ வந்துவிட்டதாம். பதில் எழுதிக் கொடுத்தாராம். பள்ளி விட்டதும் பால்வாடிக்குப் போய் அவருடைய நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுக் கொடுத்தேன். பதினாறு காய்கறிப் படத்தில் பீட்ரூட் கழன்றிருந்தது. ஒட்டினேன். "மீசை வரஞ்சிடாத" என்றார். கை அரித்தது. வரையவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆதார் மாறிவிட்டதென்று மெசேஜ். அம்மா படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். மூன்று முறை சத்தமாகப் படித்தேன். அக்கா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 28, திங்கள்

பள்ளிக்கூடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கடைசி மணி அடிக்கும் முன்பே பை தோளில். இன்று மதியம் டீச்சர் பதிவுக்கு வீட்டுக்கு வருகிறார் என்று காலையில் அம்மா சொல்லியிருந்தாள். மறுபடி பொருந்தாவிட்டால்? புதுப் போட்டோவும் சரியில்லை என்று சொன்னால்? ஓடினேன்.

பிளாக் வாசலில் டீச்சரைக் காணோம். வந்து போய்விட்டாரா, வரவே இல்லையா? ஆயாம்மா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கையில் காலிப் பை.

"ஆயாம்மா, டீச்சர் வந்தாங்களா? டிக் வந்துச்சா?"

"உங்கக்காவையே போய்க் கேளு."

"அவ எங்கூட பேச மாட்டா ஆயாம்மா. சொல்லுங்க, வந்துச்சா இல்லையா?"

ஆயாம்மா எழுந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ஏன் தள்ளி நிற்கிறார் என்று யோசிக்கும் முன்பே உச்சந்தலையில் விழுந்தது.

ஒரு சொம்பு அல்ல. ஒரு பக்கெட். சோப்பு நுரை, குழந்தைப் பவுடர் வாசனை, அதற்கு அடியில் வேறொரு வாசனை. குட்டியின் துணி அலசின தண்ணீர்.

அண்ணாந்தேன். மூன்றாம் மாடியில் யாரும் இல்லை.

ஐம்பத்து நான்கு படியையும் சொட்டிக்கொண்டே ஏறினேன். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது, வறுத்த மாவு வாசனையோடு. அலமாரியில் பாக்கெட்டுகள். அக்கா குட்டியை அணைத்துக்கொண்டு பாயில் படுத்து, கண்ணை இறுக மூடியிருந்தாள். நான் வாசலில் நின்று சொட்டினேன்.

பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.